மெரினாவில் ஓடக் கற்றுத்தந்த பெரியவருக்கு நன்றி

மெரினா கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் எனக்கு ஓடக் கற்றுக்கொடுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் விடைபெற்றுச் சென்ற பெரியவருக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்த எனக்காகத் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்ட அவர், தடையின்றிப் பேச முடிகிற வேகமே புதிதாக ஓடுபவருக்கு ஏற்றது என்றும், இடையிடையே நடப்பதும் பயிற்சியின் பகுதியே என்றும் பொறுமையாக விளக்கினார். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் வலுப்பெறவோ மாதக்கணக்கில் ஆகும். ஆகையால் மூச்சு இடம் கொடுக்கிறது என்பதற்காகத் தூரத்தை அவசரமாகக் கூட்டக் கூடாது என்று அவர் சொன்னதை, ஓட்டம் பற்றி நான் கேட்டவற்றிலேயே மிகப் பயனுள்ளதாகக் கருதுகிறேன். சென்னையின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாமல் உடல் சூடேறுவதால், இங்கே மெதுவாக ஓடுவது குறையே அல்ல என்பதையும் அவரே உணர்த்தினார். 42.195 கிலோமீட்டர் மாரத்தானைப் பற்றி நான் ஆவலுடன் கேட்டபோது, "முதலில் கலங்கரை விளக்கம் வரை பேசிக்கொண்டே போவோம், வாருங்கள்" என்றார்.

ஐயா, தங்கள் ஓட்டத்தை விட்டுவிட்டு எனக்காக நேரம் ஒதுக்கினீர்கள். அவரை அறிந்தவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், என் நன்றியை அவரிடம் சேர்த்துவிடுமாறு வேண்டுகிறேன்.