மின்சாரம் வந்தும் இணையம் வராதது ஏன்? இணைய நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் வீடு வீடாக ஃபைபர் இணைப்புக் கொடுத்துவரும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

மாம்பழப் பருவம் தொடங்கினால் காவேரிப்பட்டணம் பக்கம் கோடை மழையும் கூடவே வரும். காற்றடித்தால் மின்சாரம் போகும். அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். மின்சாரம் வந்த பிறகும் வெகுநேரம் இணையம் வராமல் கிடப்பதற்குத்தான் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். மாங்கூழ் ஆலை வாசலில் லாரி நிற்கிறது. சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லை இணையத்தில் எடுக்க வழியில்லை. ரவுட்டரைப் பார்த்தால் ஃபைபர் இணைப்பைக் காட்டும் பான் விளக்கு அசையாமல் பச்சையாக எரிகிறது, ஒளி வராததைக் காட்டும் லாஸ் விளக்கு சிவக்கவில்லை, இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்திருக்கிறது. கேபிள் ஆபரேட்டருக்குப் போன் செய்தால், "எங்கேயோ ஃபைபர் அறுந்திருக்கும் சார், எதற்கும் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்" என்கிறார். ஃபைபர் அறுந்தால் லாஸ் விளக்கு சிவக்கும் என்பது அவருக்கும் தெரியும். பாவம், வேறு என்ன சொல்வார்? அவர் கையில் ஃபைபரை ஒட்டும் ஸ்பிளைசிங் இயந்திரம் இருக்கிறது, சர்வர் இல்லை.

நெரிசல், யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும் உங்கள் ரேடியஸ் சர்வரில் இருக்கிறது. இத்தகைய சர்வர்களோடு மல்லுக்கட்டுவதே என் பிழைப்பு என்பதால் சற்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

மின்சாரம் திரும்பியதும் ஒரு வட்டாரத்தின் ரவுட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்பி உள்ளே வரப் பார்க்கின்றன. ஒவ்வொன்றுக்கும், வாடிக்கையாளர்களை இணையத்தோடு சேர்க்கும் உங்கள் கேட்வே, 1812ஆம் போர்ட் (தொடர்பு வாயில்) வழியாக ரேடியஸ் சர்வரைக் கேட்கிறது. ரேடியஸ் சர்வர், கணக்கு விவரங்கள் உள்ள டேட்டாபேஸைக் கேட்கிறது. பலரும் பயன்படுத்தும் ரேடியஸ் மென்பொருளான ஃப்ரீரேடியஸின் வழக்கமான அட்டவணை அமைப்பில், ஒரு லாகினுக்குக் கடவுச்சொல், வேகம், குழு, குழுவின் விதிகள் என்று ஐந்து கேள்விகள் வரை டேட்டாபேஸுக்குப் போகும். 4,000 வீடுகள் ஒன்றாக எழுந்தால் 20,000 கேள்விகள். நிறுவியபடியே விட்டால் அந்த மென்பொருள் ஒரே நேரத்தில் 32 வேலைகளை மட்டுமே கையில் எடுக்கும். அந்த 32 வேலைகளும் டேட்டாபேஸின் பதிலுக்குக் காத்திருந்தால் மற்றவை வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

வினை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சில வினாடிகள் பொறுத்துப் பார்த்துவிட்டு கேட்வே அதே கேள்வியை மறுபடி அனுப்புகிறது. ரவுட்டரோ அலுத்துப்போய் இணைப்பை அறுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. பழைய கேள்விக்கான பதில் வந்துசேரும்போது அதை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. ஆபரேட்டர் பேச்சைக் கேட்டு ரவுட்டரை அணைத்துப் போட்ட ஒவ்வொருவரும் வரிசையில் இன்னொரு கேள்வியைச் சேர்த்துவிடுகிறோம்.

நேற்றிலிருந்து இன்றுவரை என் கணக்கில் எதுவும் மாறவில்லை. அதே கடவுச்சொல், அதே வேகம், அதே காலாவதி நாள். பிறகு எதற்காக ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸைத் தட்டி எழுப்ப வேண்டும்? ஒவ்வொரு குடும்ப அட்டையும் அசல்தானா என்று தாலுகா அலுவலகத்துக்கு ஓடிப்போய்க் கேட்டுவரும் ரேஷன் கடைக்காரரை எங்கும் கண்டதில்லை. ஒருமுறை கேட்டு வாங்கிய விவரத்தைச் சர்வரின் நினைவகத்தில் வைத்துக்கொள்ள ஃப்ரீரேடியஸிலேயே கேச் (தற்காலிகச் சேமிப்பு) மாட்யூல் என்ற பகுதி இருக்கிறது. அதற்கு உரிமக் கட்டணம் கிடையாது. ஒரு கணக்குக்கு ஒரு கிலோபைட் என்று வைத்தாலும் 10,000 கணக்குகளுக்குச் சுமார் 10 மெகாபைட்தான் ஆகும்.

"எங்களிடம் கேச் இருக்கிறதே" என்று உங்கள் பொறியாளர் சொல்லக்கூடும். எத்தனை நிமிடத்துக்கு என்று கேளுங்கள். பத்து நிமிடம் என்றால் அது இந்த நோய்க்கு மருந்தாகாது. இன்று காலை உள்ளே வந்த வாடிக்கையாளரின் விவரம் இன்று மாலை மின்சாரம் போய்த் திரும்பும்போது அந்த கேச்சில் இருக்காது. அப்போது எல்லாரும் டேட்டாபேஸிடம்தான் போய் நிற்போம். ஒரு நாளாவது வைத்திருங்கள். திட்டம் அதற்கு முன்பே காலாவதியானால் அந்த நேரத்தோடு முடியும்படி ஒவ்வொரு கணக்குக்கும் தனி ஆயுள் கொடுக்கலாம். அந்த மாட்யூல் அதற்கும் இடம் தருகிறது. ரீசார்ஜ், வேக மாற்றம், கடவுச்சொல் மாற்றம், இணைப்பு நிறுத்தம் ஆகியவற்றில் எது நடந்தாலும் அந்தக் கணக்கின் பதிவை மட்டும் உடனே அழித்துவிட பில்லிங் மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வேலை என்று பார்த்தால் இதுதான் வேலை. மீதி எல்லாம் நான்கு வரி அமைப்பு.

'சரி', 'தவறு' என்ற முடிவை மட்டும் சேமித்துவைக்கப் பார்க்காதீர்கள். சாப் (CHAP) என்ற லாகின் முறையில் கடவுச்சொல் அப்படியே வருவதில்லை. ஒவ்வொரு முறையும் புதிய சவாலுக்குப் புதிய விடை வருகிறது. நேற்றைய முடிவை வைத்துக்கொண்டு அதைச் சோதிக்க முடியாது. கணக்கு விவரத்தைச் சேமித்து, சோதனையை அந்தந்த நேரத்தில் சர்வரிலேயே செய்வதுதான் முறை. அதில் கடவுச்சொல்லும் இருக்கும் என்பதால் கேச்சை வெளியிலிருந்து எட்டும்படி விடக்கூடாது.

மறுப்புகளைச் சேமிக்கவே வேண்டாம். மின்சாரம் போன நேரத்தில் என் பழைய இணைப்பு முடிந்த செய்தி உங்கள் சர்வருக்கு வந்துசேராமல் போயிருக்கலாம். அப்போது கணக்குப்படி நான் இன்னும் உள்ளே இருக்கிறேன். அதனால் 'ஏற்கெனவே இணைந்துள்ளார்' என்று என்னையே எனக்குக் காட்டி விரட்டுகிறது. இந்த மறுப்பையும் கேச்சில் பூட்டிவைத்தால் எங்கள் கதி என்ன? யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற சோதனை மட்டும் எப்போதும் புதிதாக நடக்கட்டும்.

இன்னொன்று. பயன்பாட்டுக் கணக்கை நிமிடத்துக்கு ஒருமுறை டேட்டாபேஸில் எழுதுகிறீர்கள் என்றால் கேச் பாதி உதவிதான் செய்யும். அந்த இடைவெளியை 600 வினாடிக்குக் குறையாமல் வைப்பது நல்லது என்று 2000இல் வந்த ஆர்.எஃப்.சி. 2869 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் சொல்கிறது. கணக்கு முதலில் ஒரு கோப்பில் விழுந்து, பிறகு நிதானமாக டேட்டாபேஸுக்குப் போகட்டும்.

புதிய சர்வர் வாங்கும் முன் இதைச் சோதித்துப் பாருங்கள். ஒரு வட்டாரத்தின் ஃபைபர்கள் வந்துசேரும் ஓ.எல்.டி. கருவியின் போர்ட்டுகளை, முன்னறிவிப்புக் கொடுத்து, அதிகாலை மூன்று மணிக்கு இறக்கி ஏற்றுங்கள். கடைசி வீடு உள்ளே வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். கேச் போட்ட பின் மறுநாள் அதிகாலை ஒருமுறை இறக்கி ஏற்றி, எல்லா வீடுகளும் லாகின் ஆகி அது நிறையட்டும். அந்தச் சேமிப்பின் ஆயுள் முடியும் முன் மறுபடி இறக்கி ஏற்றி நேரத்தைக் குறியுங்கள். கேச் இல்லாதபோது ஆன நேரம், கேச் நிறைந்த பின் ஆன நேரம் இரண்டையும் உங்கள் ஆபரேட்டர்களுக்குச் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் போனை எடுப்பவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர்