ரீடிங் எடுக்கத் தேதிக்கு வரச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்கள் கொஞ்சம் சிக்கனமாக இருந்தாலே கரன்ட் பில் உயர்வு தெரியாது என்று போன இதழ்க் கட்டுரையில் ஒரு வரி. எழுதியவர் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து, எந்த சுவிட்சை அணைக்கலாம் என்று காட்டிவிட்டுப் போகட்டும். மீன் குழம்பும் சோறும் நான் போடுகிறேன்.

2016-இலிருந்து இரண்டு மாத பில்லில் 100 யூனிட் இலவசம் தருகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? 2022 செப்டம்பரில் கட்டணத்தை மாற்றியபோது, 500-க்குள் நின்றவருக்கு இரண்டாவது நூறில் யூனிட்டுக்கு ரூ.2.25. தாண்டியவருக்கு அதே நூறில் யூனிட்டுக்கு ரூ.4.50. 500-ஐத் தாண்டிய யூனிட்டுக்கு ரூ.8-இல் தொடங்கும். இதில் நாங்களாகத் தாண்டினால் பரவாயில்லை. ரீடிங் எடுக்கிறவர் பத்துப் பதினைந்து நாள் தள்ளி வருகிறார். கேட்டால், "ஆள் இல்லைம்மா." அவர் வராத நாளுக்கும் எங்கள் வீட்டு மீட்டர் ஓடத்தானே செய்யும்? நான் ஃபேனை நிறுத்திவிட்டு வேர்வையில் உட்கார்ந்து மிச்சம் பிடித்ததெல்லாம் அந்தப் பத்து நாளில் போய்விடுகிறது.

மாதாமாதம் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க.வினர் சொன்னார்கள். சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியமும் அதே அறிக்கையில்தான் இருந்தது. கேட்டால் டெல்லியைக் கைகாட்டுவார்கள். சரி, டெல்லியையும் பார்ப்போம். எங்களைப் போன்றவர்களுக்கு வங்கியில் விழுந்துகொண்டிருந்த கேஸ் மானியம் 2020-இல் சத்தமில்லாமல் நின்றது. 2024 மகளிர் தினத்துக்கு சிலிண்டர் விலையில் 100 ரூபாய் குறைத்துப் பெண்களுக்குப் பரிசு என்றார்கள். 2025 ஏப்ரலில் அதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அதுவும் எப்போது? மீன்பிடித் தடைக்காலம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது. என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் 61 நாள் படகு கரையில்தான். நிவாரணம் 8,000 ரூபாய் வருகிறதே என்பீர்கள். வருகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு வீடு அதில் ஓடுமா என்று அந்தக் கட்டுரையாளரே சிக்கனமாகக் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு பில்லில் இல்லாத காசு வேறு தனி.

இந்த மாவட்டத்து மண்ணில் எடுக்கிற எரிவாயுவில்தான் வழுதூர் மின் நிலையம் ஓடுகிறது. கமுதியில் 648 மெகாவாட் சோலார். ஊருக்கெல்லாம் கரன்ட் கொடுக்கிற மாவட்டத்தில் நான் கேஸை மிச்சம் பிடிக்கச் சீமைக்கருவேல விறகு வைத்துச் சமைக்கிறேன். இதுவும் சிக்கனத்தில் சேர்த்திதானே?

விலையைக் குறைக்கச் சொல்லி நீங்கள் எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். ரீடிங் எடுக்கத் தேதிக்கு வரவேண்டும், தாமதமானால் 60 நாளுக்கு மட்டும் கணக்கிட்டு பில் போடவேண்டும் என்று இரண்டு வரி போடுங்கள். மாதக் கணக்கு வருகிறபோது வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்