சின்னவளுக்கு, பாம்பனிலிருந்து

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று முடித்துவிடுகிறாய். அதனால் தாளில் எழுதி அண்ணனிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். படிக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். படிப்பான்.

இங்கே மூன்று நாளாகப் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். அப்பா கடலுக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து வலையையும் என்னையும் மாறி மாறிக் குறை சொல்கிறார். புதுப் பாலத்தில் ரயில் வந்த பிறகு கடையில் வியாபாரம் பரவாயில்லை. 2022 டிசம்பரில் ரயில் நின்றதிலிருந்து பட்ட பாடு உனக்குத் தெரியும். சித்தி வீட்டு விஷயம் அப்படியேதான் இருக்கிறது. அதைக் கேட்காதே.

கம்பளிச் சட்டை போடுகிறாயா? நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது என்றாயே, அதற்குப் பிறகு என்ன செய்கிறாய்? அறையிலேயேதான் இருக்கிறாயா?

போன வாரம் வீடியோவில் அரை மணி நேரம் பேசினோம். உன் பின்னால் ஒரு குரலும் கேட்கவில்லை. அதற்கு முந்தின வாரமும் கேட்கவில்லை. சும்மாதான் சொல்கிறேன்.

செப்டம்பரில் இங்கிலாந்து போய் இறங்கிய முதல் வாரம் எத்தனை கதை சொன்னாய்! பஸ் ஓட்டுநர் உன்னை "பெட்" என்று கூப்பிட்டார், நாய்க்குட்டி என்று சொல்லிவிட்டார் என்று கோபப்பட்டாய். பிறகு நியூகாசிலில் அது நம் ஊர் "தாயி" மாதிரிதான் என்று தெரிந்துகொண்டாய். "ஆர் யூ ஆல்ரைட்" என்று கேட்ட பெண்ணிடம் தலைவலி, தூக்கம் வராதது எல்லாம் சொல்லத் தொடங்க, அவள் பாதிப் படி ஏறிவிட்டாளாம். அது வெறும் வணக்கம்தான் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லையே. "டீ"க்கு அழைத்தார்கள் என்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனாய். அந்தப் பக்கத்தில் டீ என்றால் ராத்திரிச் சாப்பாடாம். அப்பா இதைக் கரையில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டார்.

அக்டோபரிலிருந்து கதை நின்றுவிட்டது. "வகுப்பு இருந்தது." "சாப்பிட்டேன்."

பன்னிரண்டாம் வகுப்பில் இங்கிலீஷில் நீ வாங்கிய மார்க் ஊருக்கே தெரியும். ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்கக் கல்லூரியில் பிள்ளைகளைப் பொறுக்கியபோது உன்னைத்தான் பொறுக்கினார்கள். அப்படிப்பட்டவள், பேச வேண்டியிருக்குமே என்று ஆள் இருக்கிற கவுண்டருக்குப் போகாமல் இயந்திரத்தில் தானே காசு கட்டிவிட்டு வருகிறாயாம். அண்ணனிடம் சொன்னதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஆள் இருக்கிற கவுண்டருக்குப் போ. நாளுக்கு ஒரு தடவை போதும். பால் எங்கே இருக்கிறது என்று தெரிந்தாலும் கேள். அவர்கள் சொன்னது புரியாவிட்டால் சிரித்துத் தலையாட்டாதே. "சாரி?" என்றால் திரும்பச் சொல்லப் போகிறார்கள்.

கலாம் ஐயாவை இழுத்துப் பேசமாட்டேன், அது அப்பாவின் வேலை. கோயில் வாசலில் நான் கடை போட்ட புதிதில் இந்தியில் ஒரு சொல் தெரியாது. அறுபது ரூபாய்ச் சங்கு மாலைக்கு "சாட்" என்பதற்குப் பதில் "ஆட்" என்றேன். அந்த அம்மாள் எட்டு ரூபாயை எண்ணி வைத்துவிட்டு மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நான் கத்த, அவள் கத்த, பக்கத்துக் கடைக்காரர் வந்துதான் தீர்த்துவைத்தார். அதற்குப் பிறகு அறுபது எனக்கு மறக்கவே இல்லை. இன்றைக்கும் ஆணுக்குரியதைப் பெண்ணுக்கும் பெண்ணுக்குரியதை ஆணுக்கும் மாற்றித்தான் பேசுகிறேன். வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள். அதனால் ஆள் இருக்கிற கவுண்டருக்குப் போ.

இவ்வளவு புத்தி சொல்கிறேனே, உன் வாயை அடைத்தவளே நான்தான்.

ஐந்தாம் வகுப்பு விடுமுறையில் நீ கடையில் உட்கார்ந்திருந்தாய். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வந்தார். நீ எழுந்து நின்று "யூ கம் ஃப்ரம் விச் வில்லேஜ்?" என்று கேட்டாய். அவர் குனிந்து உன் முகத்துக்கு நேராகப் பதில் சொன்னார். பத்து நிமிடம் இருவரும் பேசினீர்கள். அவர் போனதும் பக்கத்துக் கடைப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவர்களைவிடச் சத்தமாக. அத்தோடு விட்டேனா? மாமா கல்யாணத்தில், அத்தை ஊர்த் திருவிழாவில், போன இடமெல்லாம் உன்னைப் போல் நடித்துக் காட்டினேன். "விச் வில்லேஜ்" உனக்குப் பட்டப்பேரே ஆகிவிட்டது. அதன் பிறகு வெளிநாட்டுக்காரர் யார் கடைக்கு வந்தாலும் நீ உள்ளே போய்விடுவாய். பெண் வளர்கிறாள், கூச்சம் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. அந்தப் பாட்டிக்கு நீ கேட்டது புரிந்தது. ஒரு வார்த்தையும் புரியாதவள் நான்தான், நான்தான் சிரித்தேன்.

உன்னோடு சமையலறையில் அலமாரி பங்கு போட்டிருக்கும் ஸ்பெயின் நாட்டுப் பெண்ணும் தப்பும் தவறுமாகத்தான் பேசுகிறாள் என்று செப்டம்பரில் சொன்னாயே, ஞாயிற்றுக்கிழமை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கூப்பிடு. உனக்குக் காலை பத்து என்றால் இங்கே மூன்றரை. பூசையும் சாப்பாடும் முடிந்திருக்கும். நான் அவளிடம் இங்கிலீஷில் பேசப் போகிறேன். அண்ணன் எழுதித் தருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். எந்த ஊர் என்று எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியும். நீ சிரித்துக்கொள், சத்தமாகவே.

அம்மா