ஊரை ஆள வெளியூர்க்காரர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த இடைக்கால இத்தாலி கட்டுரையைப் படித்தேன். போப்புக்கும் பேரரசருக்கும் நடந்த இழுபறியைக் கட்டுரையாளர் சுவையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அது முடிந்ததும் நேராக, பிற்பாடு புளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்துக்குத் தாவிவிட்டார். நடுவில் வட இத்தாலிய நகரங்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்ட கதை எங்கே போயிற்று?

1162இல் மிலானைத் தரைமட்டமாக்கிய பேரரசர் ஃபிரெடரிக் பார்பரோசாவை, லொம்பார்டி நகரங்கள் கூட்டுச் சேர்ந்து 1176இல் லெஞ்ஞானோவில் தோற்கடித்தன. 1183இல் கான்ஸ்டன்ஸில் உடன்படிக்கை ஆனது. அவரைத் தங்களுக்கு மேலான அரசராக ஒப்புக்கொண்டு, தங்கள் அதிகாரிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை நகரங்கள் வாங்கிக்கொண்டன. கட்டுரையில் இதற்கு ஒரே ஒரு வரி. சரி, இடமில்லை என்று வைத்துக்கொள்வோம். ‘பொதெஸ்தா’ பற்றி ஒரு சொல்கூட இல்லாததைத்தான் ஏற்க முடியவில்லை.

நகரத்துப் பெரிய குடும்பங்கள் ஆளுக்கொரு கல் கோபுரம் கட்டிக்கொண்டு தங்களுக்குள் வெட்டிக்கொண்ட காலம் அது. உள்ளூர்க்காரர் யார் நீதி சொன்னாலும் எதிர்த்தரப்பு ஏற்காது. ஆகவே வெளியூர்க்காரர் ஒருவரைச் சம்பளத்துக்கு அழைத்து, நிர்வாகத்தையும் நீதியையும் அவரிடம் கொடுத்தார்கள். அவர்தான் பொதெஸ்தா. பதவி ஒரு வருடம். பிற்பாடு பல ஊர்களில் ஆறே மாதம். நீதிபதிகள், எழுத்தர்கள், காவலர்கள் எல்லாரையும் அவரே கூட்டி வருவார். உள்ளூர்க்காரர் வீட்டு விருந்துக்குப் போகக் கூடாது என்றுகூடச் சில ஊர்களில் சட்டம் இருந்தது. பதவி முடிந்ததும் மூட்டை கட்டிவிட முடியாது. அவர் மீதான புகார்களையும் கணக்குகளையும் விசாரித்து முடிக்கும்வரை ஊரிலேயே இருக்க வேண்டும்.

பொலோனியாக்காரரான பிரங்கலியோனேயை 1252இல் ரோம் இப்படித்தான் அழைத்தது. அங்கே அந்தப் பதவிக்கு ‘செனட்டர்’ என்று பெயர். ஆசாமி கெட்டிக்காரர். மூன்று வருடப் பதவி வேண்டும், ரோமின் பெரிய குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைப் பொலோனியாவுக்குப் பிணையாக அனுப்ப வேண்டும் என்று கேட்டு வாங்கினார். 1255இல் பிரபுக்கள் அவரைச் சிறையில் தள்ளியபோது அந்தப் பிணைதான் உயிரைக் காப்பாற்றியது. போப்பே தண்டித்தும் பொலோனியா பிள்ளைகளை விடவில்லை. வெளியே வந்து 1257இல் மறுபடி பதவியேறியவர், பிரபுக்களின் கோபுரங்களை நூற்றுக்கும் மேல் இடித்துத் தள்ளினார்.

ஏற்பாடு எப்போதும் நேர்மையாக நடந்தது என்று சொல்லவில்லை. 1302இல் கவிஞர் தாந்தேயை நாடு கடத்தித் தீர்ப்பெழுதியவரும் ஒரு பொதெஸ்தாதான். குப்பியோவிலிருந்து வந்த அவர், புளோரன்ஸில் வென்ற கட்சியின் கையாளாக நடந்துகொண்டார். அகப்பட்டால் உயிரோடு எரிக்க வேண்டும் என்று இரண்டே மாதத்தில் இன்னொரு தீர்ப்பு. அப்புறம், ‘தங்களைத் தாங்களே’ என்பதில் பெண்களும் கூலித் தொழிலாளர்களும் கிடையாது. 1378இல் புளோரன்ஸின் கம்பளித் தொழிலாளர்கள் கிளர்ந்து ஆட்சியையே பிடித்தார்கள். சில வாரங்களிலேயே நசுக்கப்பட்டார்கள்.

தாந்தே மக்கள் மொழியில் எழுதியதைத் தனியொரு மேதையின் துணிச்சலாகக் கட்டுரை காட்டுகிறது. மேதைதான், சந்தேகமில்லை. ஆனால் 1309இலேயே சியெனா நகராட்சி, லத்தீன் தெரியாத ஏழைகளும் பார்த்துப் படியெடுத்துக்கொள்ளட்டும் என்று, தன் சட்டத் தொகுப்பை மக்கள் மொழியில், பெரிய எழுத்தில் எழுதிவைக்க உத்தரவிட்டிருந்தது. கவிஞருக்குப் பக்கத்தில் இந்த எழுத்தர்களுக்கும் ஓர் இடம் தந்திருக்கலாம்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படம். ‘பழைய சியெனா நகரம்’ என்று மட்டும் கீழே போட்டிருக்கிறீர்கள். அது அம்ப்ரோஜியோ லொரென்சேத்தி 1338-39இல் நகராட்சி மாளிகையில் தீட்டிய சுவரோவியம். ஊரை ஆண்ட ஒன்பது பேர் கூடும் அறை அது. நீங்கள் வெளியிட்டது நல்லாட்சி நடக்கும் நகரம். எதிர்ச்சுவரில் கொடுங்கோலாட்சியில் சீரழிந்த நகரமும் இருக்கிறது. அடுத்த இதழில் அந்தப் படத்தையும் சரியான விவரத்தோடு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்