தம்பியின் சீனி வருத்தம் பற்றி, காரைநகர்ச் சிநேகிதிக்கு

அன்பின் சிநேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தம்பி வார்ட்டில் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டான், வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறான் என்ற வரியை வாசித்த பிறகுதான் மற்றதை ஆறுதலாக வாசிக்க முடிந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு நீ வீட்டில் நிற்பது நல்லது. முதல் ஒரு மாதத்துக்கு அந்த வீட்டில் பயப்படாமல் கணக்குப் பார்க்கிற ஒரு ஆள் வேண்டும்.

அம்மாவின் அழுகையில் இருந்து தொடங்குகிறேன். பனங்கட்டியும் மாம்பழமும் தன் கையால் கொடுத்ததால்தான் பிள்ளைக்கு வந்தது என்று அவ நினைக்கிறா என்று எழுதியிருந்தாய். அப்படியில்லை என்று அவவுக்குத் தெளிவாகச் சொல்லு. தம்பிக்கு வந்திருப்பது முதலாம் வகைச் சலரோகம்; அப்பம்மாவுக்கு அறுபது வயதில் வந்த வகை அல்ல. கணையத்தில் இன்சுலின் சுரக்கிற பீற்றா கலங்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி அழித்துவிடுகிறது. அந்த அழிவு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், சத்தமில்லாமல் நடக்கும். பெரும்பங்கு போன பிறகுதான் தாகம், அடிக்கடி சலம் போதல், மெலிவு, களைப்பு எல்லாம் ஒன்றாகத் தெரியும். இனிப்பைத் தவிர்த்திருந்தாலும் வந்திருக்கும். அவனுக்குச் சத்தியும் வயிற்றுவலியும் வந்து மூச்சு ஆழமாக இழுத்ததற்குக் காரணம், இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரித்ததில் சேர்ந்த கீற்றோன் அமிலம். அது திரும்பவும் வராமல் காப்பதுதான் இனி உங்கள் எல்லாருடைய முதல் வேலை.

காலை, மதியம், இரவு சாப்பாட்டுக்கு முன் தெளிந்த இன்சுலின், படுக்கும்போது பால் மாதிரிக் கலங்கலான ஐசோபேன் இன்சுலின் என்று எழுதியிருக்கிறாய். இந்த இரண்டும் உடம்பில் எந்த நேரத்தில் வேலை செய்கின்றன என்பதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். தெளிந்தது போட்டு அரை மணித்தியாலத்தில் தொடங்கும், 2 முதல் 4 மணித்தியாலத்தில் உச்சம், 6 முதல் 8 மணித்தியாலம் வரை நிற்கும். அதனால்தான் சாப்பிட 30 நிமிடம் முன் போடச் சொல்கிறார்கள். அதனால்தான் காலை 7 மணிக்குப் போட்ட ஊசி பள்ளிக்கூட இடைவேளை நேரத்தில் சீனியை இழுத்து இறக்கும். அப்போது சின்னதாக ஏதாவது சாப்பிட வேண்டும். ஐசோபேனின் உச்சம் ஏறக்குறைய 4 முதல் 8 மணித்தியாலத்தில் வரும். இரவு 10 மணிக்குப் போட்டால் விடியப்புறம் 2, 3 மணிதான் ஆபத்தான நேரம். முதல் இரண்டு கிழமையும், பிறகு அளவு மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த நேரத்துக்கு ஒரு சோதனை செய்யுங்கள். அந்த விழிப்பை அம்மாவின் தலையில் மட்டும் கட்டாதே. ஒரு இரவு நீ, ஒரு இரவு அப்பா.

ஊசி போடும் முறையில் நடக்கும் பிழைகள்தான் வீட்டில் அதிகம். போத்தலில் ஒரு மில்லிக்கு 100 யூனிட் என்று இருக்கிறதா, சிரிஞ்சிலும் 100 என்றே இருக்கிறதா என்று ஒவ்வொரு புதுப் பெட்டிக்கும் பார். ஒரு மில்லி சிரிஞ்சில் ஒரு கோடு பெரும்பாலும் 2 யூனிட். அரை மில்லி சிரிஞ்சில் ஒரு கோடு 1 யூனிட். அவனுடையது சின்ன அளவு, ஆகவே அரை மில்லி சிரிஞ்சைக் கேட்டு வாங்கு. கலங்கலானதைக் குலுக்கக் கூடாது; உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்துப் பத்துத் தடவைக்கு மேல் மெதுவாக உருட்ட வேண்டும். ஒழுங்காகக் கலக்காவிட்டால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். வயிற்றில் போடுவதென்றால் தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டு, தோலை மெதுவாகத் தூக்கிப் பிடித்து, மருந்து போன பிறகு பத்து எண்ணும் வரை ஊசியை எடுக்காமல் வைத்திரு. நோகாது என்று பிள்ளைகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடுவார்கள். அந்த இடம் கொழுப்புக் கட்டியாகும், மருந்து அங்கே தேங்கி நிற்கும், சீனி காரணமில்லாமல் ஏறி இறங்கும். கிழமைக்கு ஒருமுறை விரலால் தடவிப் பார். தடிப்பு இருந்தால் அந்த இடத்தை மாதக்கணக்கில் விட்டுவிட வேண்டும். இடம் மாற்றியதும் மருந்து முழுதாக உறிஞ்சப்படும் என்பதால் சீனி இறங்கக்கூடும், கவனம். பாவித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் சேர்த்து கிளினிக்கில் கொடுங்கள். குப்பைக் கிடங்கில் வேண்டாம்.

குளிர்சாதனப்பெட்டி பற்றிக் கேட்டிருந்தாய். திறக்காத போத்தல் 2 முதல் 8 பாகையில், கதவுத் தட்டில். உறைபெட்டிக்குப் பக்கத்தில் வைத்து ஒருமுறை உறைந்தால், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் எறிந்துவிட வேண்டும். திறந்த போத்தலை 4 கிழமைக்கு மேல் பாவிக்காதே. திறந்த திகதியை அதன்மேல் எழுதி வை. திறந்ததை வெளியில் வைக்கலாம் என்பது 25, கூடினால் 30 பாகை வரைக்கும்தான். நம்மூர்ச் சித்திரை வெயிலில் அறைக்குள்ளேயே அதைத் தாண்டும், ஆகவே அதையும் பெட்டிக்குள் வைத்துப் போடுவதற்குக் கொஞ்சம் முன் வெளியில் எடு. கரண்ட் நீண்ட நேரம் போனால் பழைய வழி நன்றாகவே உதவும்: பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈரமணல், மேலே ஈரத்துணி, நிழலில் காற்றுப்படும் இடம். இன்சுலினை நனையாத டப்பாவில் மூடி உள்ளே வை. சோளகக் காற்று வீசும் காலத்தில் இது நல்லாய்க் குளிரும். மாரியில் ஈரக் காற்றால் அவ்வளவு குளிராது. தெளிந்த மருந்து கலங்கினாலோ, கலங்கலானதில் கட்டியோ கண்ணாடியில் பூப்போன்ற படிவோ தெரிந்தாலோ பாவிக்காதே.

சாப்பாடு. இங்கேதான் வீடுகள் இரண்டாகப் பிரியும். அவனுக்கு மட்டும் தனிச்சட்டியில் குரக்கன் பிட்டு, மற்றவர்களுக்கு வெள்ளை இடியப்பம் என்று வைக்க வேண்டாம். குரக்கன் மாவிலும் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 70 கிராம் மாச்சத்து இருக்கிறது. நார்ச்சத்தால் மெல்ல ஏறுமே தவிர, ஏறாமல் விடாது. பனங்கட்டியும் சீனிதான், இன்சுலின் கணக்கில் அதற்குச் சலுகை இல்லை. தேவைப்படுவது அளவு. ஒரு சமையலறைத் தராசு வாங்கு. அரிசிமா 100 கிராமில் ஏறக்குறைய 80 கிராம் மாச்சத்து. 250 கிராம் மாவில் அம்மா 20 இடியப்பம் பிழிந்தால் மொத்தம் 200 கிராம், ஒன்றுக்கு 10 கிராம். அவ பிழியும் அளவு மாறாது என்பதால் ஒருமுறை கணக்குப் பார்த்தால் போதும். பிட்டுக்கும் இதே வழி: மாவை நிறு, அவித்த பிட்டை முழுதாக நிறு, அவன் கோப்பையில் எத்தனையில் ஒரு பங்கு என்று பார். சோறு 100 கிராமுக்கு 28, பாண் ஒரு சாதாரணத் துண்டு 15, மாம்பழச் சதை 100 கிராமுக்கு 15, வாழைப்பழச் சதை 23 என்று வைத்துக்கொள். சொதியிலும் சம்பலிலும் மாச்சத்துக் குறைவு, ஆனால் தேங்காய்க் கொழுப்பால் சீனி பிந்தி ஏறும்.

யூனிட்டை மாச்சத்தோடு பொருத்தும் தொடக்கக் கணக்கு ஒன்று உண்டு. ஒரு நாளில் போடும் மொத்த இன்சுலினால் 450ஐப் பிரித்தால், தெளிந்த இன்சுலின் ஒரு யூனிட் எத்தனை கிராம் மாச்சத்தைச் சமாளிக்கும் என்று வரும். மொத்தம் 30 என்றால் 15 கிராம்; ஐந்து இடியப்பத்துக்கு மூன்று யூனிட் சொச்சம். 1500ஐ அதே 30ஆல் பிரித்தால் 50. ஒரு யூனிட் இரத்தத்தில் சீனியை டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் இறக்கும்; மீற்றரில் தெரியும் நம்பரும் இதே அளவில்தான். இதை வைத்து நீங்களாக அளவை மாற்ற வேண்டாம். இரண்டு கிழமை நம்பரையும் சாப்பாட்டையும் எழுதிக்கொண்டு போய் டொக்டரோடு இருந்து பார்த்தால் அவனுடைய சொந்தக் கணக்கு கிடைக்கும்.

சீனி 70க்குக் கீழே போனால் நடுக்கம், வியர்வை, பசி, எரிச்சல், பேச்சில் குழப்பம். காரணமில்லாமல் உன்மேல் சீறி விழுந்தால் கோபிக்க முதல் விரலைக் குத்திப் பார். மீற்றர் கையில் இல்லாவிட்டால் பார்க்கக் காத்திராதே. சீனி தட்டையாக 4 தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 15 கிராம், அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடு. 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார். ஏறாவிட்டால் திரும்பக் கொடு. ஏறிய பிறகு அடுத்த சாப்பாடு தூரமென்றால் இரண்டு பிஸ்கற். சொக்லேட் வேண்டாம், கொழுப்பு அதைப் பிந்த வைக்கும். சோடா கொடுப்பதென்றால் லேபலைப் பார். பச்சைப் புள்ளி போட்டவற்றில் சீனி போதாது. மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாதே, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து 1990க்கு அடி. இறங்கிய சீனியை ஏற்றும் குளுக்ககொன் ஊசி பற்றிக் கிளினிக்கில் கேள். கிடைத்தால் அதைப் போடத் தெரிந்தவர் வீட்டில் இரண்டு பேராவது இருக்க வேண்டும்.

இனி நான் மிகவும் பயப்படுகிற விஷயம். இன்சுலின் தொடங்கிச் சில கிழமையில், மிஞ்சியிருக்கும் கலங்கள் கொஞ்சம் ஓய்வெடுத்துத் திரும்பச் சுரக்கும். தேவை சட்டென்று குறையும், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று யூனிட்டே போதும் என்று வரும். அது சில மாதம், சிலருக்கு ஒரு வருடம் வரை நீடிக்கும். சொந்தக்காரர் "பாத்தியே, சுகமாகுது, ஊசியை விட்டுட்டுப் பாகற்காய்ச் சாறு குடு, நாட்டு மருந்து குடு" என்று வருவது அந்த நேரத்தில்தான். அந்தக் கலங்கள் திரும்ப அழியும், அப்போது ஊசி இல்லாத பிள்ளை ஓரிரு நாளிலேயே உயிராபத்துக்குப் போகும். கறிக்குப் பாகற்காய் வைக்கலாம், இன்சுலினுக்குப் பதிலாக எதையும் வைக்க முடியாது. 1922 ஜனவரியில், நம் சனம் இவ்வளவு பேர் போய்க் குடியிருக்கும் அதே ரொறன்ரோவில், முதன்முதலாக இன்சுலின் போடப்பட்ட பையனுக்கும் ஏறக்குறைய தம்பியின் வயது, பதின்மூன்று பதினாலுதான். லெனார்ட் தொம்சன் என்று பெயர். அதற்கு முன் இந்த வருத்தத்துக்குப் பட்டினி போடுவது தவிர வழி இருக்கவில்லை, பிள்ளைகள் மெலிந்து மெலிந்தே போனார்கள். வருகிற சொந்தக்காரருக்கு இதைச் சொல்லு.

காய்ச்சல், சத்தி வரும் நாளிலும் ஊசியை நிறுத்தாதே. சாப்பிடவில்லையே, ஏன் ஊசி என்று விடுவதில்தான் எத்தனையோ பிள்ளைகள் திரும்ப வார்ட்டுக்கு வருகிறார்கள். வருத்தமான உடம்புக்கு இன்சுலின் பெரும்பாலும் கூடத்தான் தேவை; படுக்கும்போது போடும் ஐசோபேன் கட்டாயம் போக வேண்டும். 2 முதல் 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சீனியும் சலத்தில் கீற்றோனும் பார். கீற்றோன் பட்டிகள் பார்மசியில் கேட்டு வாங்கி வை. தண்ணீர் நிறையக் கொடு. சத்தி நிற்காவிட்டாலோ, கீற்றோன் கூடினாலோ, மூச்சு ஆழமாக இழுத்தாலோ விடியட்டும் என்று இருக்காதே. காரைநகரில் இருந்து யாழ்ப்பாணம் வரும் தூரத்தையும் கணக்கில் எடுத்து முன்கூட்டியே கிளம்புங்கள்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பு ரீச்சருக்கும் விளையாட்டு ஆசிரியருக்கும் எழுத்தில் ஒரு கடிதம் கொடு: தண்ணீர் குடிக்கவும் சலம் போகவும் எந்த நேரமும் விட வேண்டும், நடுங்கினால் தனியே அனுப்பக் கூடாது. பொக்கற்றில் எப்போதும் குளுக்கோஸ். உதைபந்து விளையாடட்டும், நிறுத்தாதீர்கள். தொடங்க முதல் 90க்குக் குறைவென்றால் 15 கிராம் மாச்சத்து. 250க்கு மேல் இருந்து கீற்றோனும் இருந்தால் அன்று வேண்டாம். நன்றாக ஓடிய நாளின் இரவிலும் சீனி இறங்கும். கோயில் அன்னதானத்தில் பந்தி எப்போது இருக்கும் என்று தெரியாமல் ஊசி போட்டுவிடாதீர்கள். கந்தசஷ்டி விரதம் இப்போதைக்கு அவனுக்கு வேண்டாம்.

உனக்கும் சின்னத் தங்கச்சிக்கும் வருமா என்று கேட்டிருந்தாய். மேல்நாட்டுக் கணக்குகளின்படி, இந்த வருத்தம் உள்ளவரின் உடன்பிறந்தவரில் நூறுக்கு ஐந்து, ஆறு பேருக்கு வருகிறது. அதாவது தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு வருவதில்லை. தங்கச்சியின் விரலை நெடுகக் குத்த வேண்டாம். தாகம், மெலிவு, இரவில் எழும்பிச் சலம் போவது தெரிந்தால் அன்றைக்கே பார்த்தால் போதும். ஆனால் அவளைக் கொஞ்சம் கவனி. வீடு முழுதும் அண்ணாவைச் சுற்றி ஓடும்போது அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை என்று உன் கடிதத்திலேயே தெரிகிறது. மீற்றரில் பட்டி செருகுவது, நேரத்தை எழுதுவது போன்ற ஒரு சின்ன வேலையை அவளிடம் கொடு.

தம்பியிடம் நீ அக்காவாகவே இரு. அவன் கதவைத் திறந்து வந்ததும் முதல் கேள்வியாக "சீனி எத்தனை?" என்று கேட்காதே. 280 வந்தால் "என்ன களவாத் திண்டனி?" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். இந்த வயதில் வளர்ச்சி ஹோர்மோன்களே சீனியை ஏற்றும். கவலை ஏற்றும், தடிமன் ஏற்றும், மாம்பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினாலும் பிழையாகக் கூடக் காட்டும். நம்பருக்குத் திட்டு விழுகிற வீட்டில் பிள்ளைகள் கொப்பியில் பொய் நம்பர் எழுதத் தொடங்குவார்கள், டொக்டர் அந்தப் பொய்யை நம்பி அளவை மாற்றுவார். "சரி, கூடியிருக்கு, இப்ப என்ன செய்வம்?" என்று அவனோடு சேர்ந்து யோசி. ஊசியை அவனே போடப் பழகட்டும். ஆனால் முழுப் பொறுப்பையும் பதினாலு வயதில் அவன் கையில் விட்டுவிடாமல், அளவை இழுத்த பிறகு ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

அடுத்த கிளினிக்குக்கு வரும்போது மீற்றர், கொப்பி, பாவிக்கும் சிரிஞ்சு ஒன்று, இரண்டு கிழமைச் சாப்பாட்டுக் குறிப்பு எல்லாம் கொண்டு வா. சில மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள்; அதை எப்போது எடுப்பார்கள் என்றும் கேள். 7 சதவீதத்துக்குக் கீழே என்பது பொதுவான இலக்கு, ஆனால் முதல் முறையே அங்கே நிற்கும் என்று எதிர்பார்க்காதே. முடிந்ததும் தம்பியையும் கூட்டிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வா. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடு, அவன் ஊசி போடும் நேரத்துக்குச் சோற்றை இறக்குகிறேன்.

அன்புடன்,
உன் சிநேகிதி