லென்ஸ் கிடக்கட்டும், நிற்கிற இடத்தைப் பார்

அன்பு நண்பா,

உன் கடிதமும் பழைய பனியாற்றுப் படத்தின் நகலும் வந்து சேர்ந்தன. பனி எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஒப்பிட அதே காட்சியை மறுபடி எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். பழைய படத்தைவிடக் கொஞ்சம் அகலமாகப் பிடிக்கிற எதுவும் போதும், ஓரத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். ஆனால் நிற்கிற இடம் தப்பினால் எந்த மென்பொருளாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

இடம் பிடிப்பது இப்படித்தான். அச்சுப்படத்தில் கிட்டத்துப் பாறை ஒன்றின் விளிம்பும் தூரத்து முகடும் எங்கே சந்திக்கின்றன என்று பென்சிலால் குறி. இடப்பக்கம் ஒரு ஜோடி, வலப்பக்கம் ஒரு ஜோடி. நீ வலப்பக்கம் நகர்ந்தால் கிட்டத்துப் பாறை முகட்டுக்கு இடப்பக்கமாக விலகும். பாறை முகட்டை அதிகம் மறைத்தால் பெரும்பாலும் தாழ நிற்கிறாய் என்று பொருள், மேலே ஏறு. இரண்டு ஜோடியும் ஒருசேரப் பொருந்துகிற இடம்தான் பழைய படம் எடுத்தவர் நின்ற இடம். ஜிபிஎஸ் பக்கத்தில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். அதன் சில மீட்டர் பிழை, பத்து மீட்டரில் பாறை இருக்கும் படத்தில் பளிச்சென்று தெரியும். பனியாற்றின் மேல் கிடக்கிற கல்லை மட்டும் குறியாக எடுக்காதே, அது பனியோடு நகர்ந்து போயிருக்கும்.

சில நேரம் அவர் நின்ற இடமே இருக்காது. பனி மெலிந்ததும் தாங்க ஆளில்லாமல் ஓரத்துக் கல்மேடு சரிந்துவிடும். அந்த விளிம்புக்குப் போகாதே. அதே பார்வைக் கோட்டில் பின்னால் உறுதியான தரையில் நின்று எடுத்து, எத்தனை மீட்டர் விலகல் என்று எழுதிவை.

பழைய படத்தின் மாதமும் நிழலும் ஒத்துவர வேண்டும். உருகும் பருவத்தின் கடைசி நாட்கள் நல்லது. நேற்று விழுந்த பனி கிடந்தால் பனியாற்றின் விளிம்பே தெரியாது, பனி கூடிவிட்டதாகக்கூடத் தோன்றும்.

எவரெஸ்டின் வடக்கே ரோங்பக் பனியாற்றை 1921-ல் மலையேறி மலோரி படம் எடுத்தார். 2007-ல் மலையேறியும் படப்பிடிப்பாளருமான டேவிட் பிரீஷியர்ஸ் அதே இடத்திலிருந்து எடுத்தபோது மேற்பரப்பு ஏறத்தாழ 100 மீட்டர் தாழ்ந்திருந்தது. கல்மண் மூடிய பனியாறுகளில் நுனியைப் பார்த்து ஏமாந்துவிடாதே. நுனி அங்கேயே இருக்கும், உடம்பு இறங்கிக்கொண்டிருக்கும். பக்கச் சுவரில், முன்பு பனி மூடியிருந்து இப்போது வெளுத்துத் தெரியும் பட்டையை அள.

இன்னொன்று, இரண்டு படம் இரண்டு நாளைத்தான் சொல்லும். ஆல்ப்ஸில் பல பனியாறுகள் 1970-களில் கொஞ்சம் முன்னேறின. 1920-க்கும் இன்றைக்கும் ஒரு ஜோடி வைத்தால் அது காணாமல் போகும். இடைக்காலப் படம் ஒன்றாவது தேடு. காரகோரம் மலைத்தொடரில் போல மாற்றம் அதிகமில்லாத ஜோடி கிடைத்தாலும் ஒளிக்காமல் சேர்த்து வை.

நீ அனுப்பிய நகலில் முகட்டு வரிசை வரைபடத்துக்கு நேர் எதிராக இருக்கிறது. படம் பதிந்த கண்ணாடித் தட்டைப் புரட்டிவைத்து அச்சிட்டிருக்கிறார்கள். இடவலம் திருப்பிய நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அதன்மேல் பென்சில் கோடு போட்டு, கிளம்புமுன் ஒருமுறை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்