கோப்புகளை மூடினால் கூலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நலத்திட்டங்களைத் தனியாரிடம் ஒப்படைத்த பிறகும் சட்டமன்றக் குழு அவற்றைக் கிளறிக்கொண்டிருப்பது பயனாளிகளுக்குத் தாமதத்தைத்தான் தரும் என்று தங்கள் தலையங்கத்தில் படித்த வரி, இரண்டு நாட்களாக என் மனத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது.

தாமதம் எங்கே பிறக்கிறது என்பதை என் தந்தையின் கோப்பில் பார்த்தவள் நான். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவருடைய உதவித்தொகை விண்ணப்பத்தைப் பரிசீலித்தது ஓர் ஒப்பந்த நிறுவனம். ஒரே மருத்துவச் சான்றிதழை மூன்று முறை பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று ஒப்புகை அட்டைகளிலும் அவர்களுடைய முத்திரை விழுந்திருக்கிறது. நான்காம் மாதம் வந்த கடிதத்தில் இருந்ததோ ஒரே வரி: 'விண்ணப்பதாரர் ஒத்துழைக்கவில்லை.' வாய் பேச முடியாமல் கிடந்தவரைப் பற்றி அப்படி எழுதியிருந்தார்கள். துறையில் கேட்டால் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். நிறுவனத்தில் கேட்டால் துறையின் விதி என்றார்கள். எங்கள் சட்டமன்ற உறுப்பினர் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டபோது, அது வணிக ரகசியம் என்று அவருக்கே பதில் வந்தது.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் நடந்ததைத் தாங்கள் அறியாதவர் அல்லர். உணவு உதவி, மருத்துவ உதவி விண்ணப்பங்களைக் கவனிக்கும் வேலையை 2006இல் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் தலைமையிலான நிறுவனங்களுக்குப் பத்தாண்டு ஒப்பந்தமாக, 100 கோடி டாலருக்கும் மேலான தொகைக்குக் கொடுத்தார்கள். ஒரு தொலைபேசி அழைப்பைத் தவறவிட்டவர்களும், அனுப்பிய தாள் கோப்பில் சேராதவர்களும் அங்கேயும் 'ஒத்துழைக்கவில்லை' என்றே தள்ளப்பட்டார்கள். ஒப்பந்தம் போட்ட ஆளுநரே 2009இல் அதை ரத்து செய்ய நேர்ந்தது. அதுபற்றி மாநிலத்துக்கும் ஐபிஎம்முக்கும் இடையே நடந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

ஒரு கோப்பை முடித்தால் இவ்வளவு என்று கட்டணம் பேசிவிட்டால், விசாரித்து உதவி வழங்குவதைவிட நிராகரித்து மூடுவதே விரைவான வேலையாகிவிடும். கணக்குத் தணிக்கையில் இது தெரியாது, ஏனென்றால் செலவான தொகைக்கு அங்கே ரசீது இருக்கும். எத்தனை நிராகரிப்புகள் மேல்முறையீட்டில் மாற்றப்பட்டன, மேல்முறையீடு செய்யத் தெம்பில்லாமல் எத்தனை பேர் ஒதுங்கினார்கள் என்பதை, நிறுவன அதிகாரிகளை நேரில் அழைத்து ஆவணங்களோடு விசாரிக்கும் அதிகாரமுள்ள குழுதான் வெளிக்கொணர முடியும். அந்தக் குழுவையா தாங்கள் தடை என்கிறீர்கள்?

சென்ற ஆண்டும் இதுபற்றி எழுதினேன். அது பிரசுரமாகவில்லை, இடமில்லாமல் போயிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நான் கேட்பது ஒன்றுதான். நிராகரித்த விண்ணப்பத்துக்கும் நிறுவனத்துக்குக் கட்டணம் உண்டா என்று தங்கள் நிருபரை விட்டு அமைச்சரிடம் கேட்டு, வரும் பதிலை அந்தத் தலையங்கம் வந்த பக்கத்திலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி